நரம்புச் சிலந்தி ஒழிப்பின் கடைசிக் கட்டத்துக்கு எந்த மரபணுச் சோதனை?

ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பத்தாண்டுகளாக எவரிடமும் கண்டறியப்படாதிருந்த, கினிப் புழு என்னும் ஒட்டுண்ணியால் வரும் நரம்புச் சிலந்தி நோய் 2010இல் மீண்டும் தலைகாட்டியது. 2012 ஏப்ரலில் ஊர் ஊராகக் கண்காணிக்கும் பணி தொடங்கியபோது, எவரும் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. மனிதரைவிட அதிகமாக நாய்களின் உடலிலிருந்து அந்தப் புழு வெளிவந்துகொண்டிருந்தது. இது மனிதரைச் சார்ந்து வாழும் புழு, விலங்குகளில் அது தென்படுவது தற்செயல், ஆகவே மனிதர் குடிக்கும் நீரையும் மனிதரின் புண்ணையும் காத்தால் அதன் வாழ்க்கைச் சுழற்சி அறுந்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல்தான் ஒழிப்புத் திட்டம் முழுவதும் அதுவரை நின்றது. நாயிடமிருந்து எடுத்த புழுவும் மனிதரிடமிருந்து எடுத்த புழுவும் ஒன்றா வேறா என்பதைக் கண்ணாலோ நுண்ணோக்கியாலோ உறுதிசெய்ய முடியாத நிலையில், அந்தப் பொறுப்பு மரபணு ஆய்வின் மேல் விழுந்தது.

நரம்புச் சிலந்தி என்று தமிழில் தனிப்பெயர் வழங்குவதே, இந்த நோய் நம் குளங்களுக்கும் படிக்கிணறுகளுக்கும் அந்நியமானதன்று என்பதைச் சொல்லும். தோலுக்கடியில் நரம்பு போலக் கிடந்து, பெரும்பாலும் காலில் கொப்புளமாகி உடைந்து வெளிவரும் பெண்புழு ஒரு மீட்டர் வரை நீளும். அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராகப் பொறுமையுடன் இழுத்தெடுப்பதே இன்றும் சிகிச்சை. நோயைத் தீர்க்கும் மருந்தோ வராமல் காக்கும் தடுப்பூசியோ இல்லை. எரிச்சல் தாளாமல் புண்ணோடு நீரில் இறங்குபவரின் காலிலிருந்து புழு இலட்சக்கணக்கான இளம்புழுக்களை நீரில் விடுகிறது. சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீர்வாழ் உயிரி அவற்றை விழுங்குகிறது. அந்த நீரை வடிகட்டாமல் குடிப்பவரின் உடலிலிருந்து பத்து முதல் பதினான்கு மாதங்கள் கழித்து அடுத்த தலைமுறைப் பெண்புழு வெளிவருகிறது. இந்தியாவில் இந்நோயின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார்; 2000ஆம் ஆண்டில் நாடு நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. உலக அளவில் 1986இல் ஏறத்தாழ 35 இலட்சம் பேரைப் பீடித்திருந்ததாக மதிப்பிடப்பட்ட நோய் 2023இல் 14 பேருக்கும் 2024இல் 15 பேருக்கும் மட்டுமே வந்தது. விலங்குகளின் கணக்கு இதற்கு நேர்மாறானது. 2019இல் சாட் நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மிக அதிகமான நாய்களில் இப்புழு பதிவானது. அதன்பின் தொகை குறைந்துவந்தாலும் இன்னும் நூற்றுக்கணக்கில் நீடிக்கிறது.

எஞ்சியிருக்கும் இந்தப் புழுக்களை ஆண்டுதோறும் சோதிக்க, ஒரு நாட்டின் ஒழிப்புத் திட்டம் எந்த மரபணு முறையை வழக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சில மரபணுக்களை மட்டும் வாசிப்பது ஒரு வழி. உட்கரு டி.என்.ஏ.யில் மீண்டும் மீண்டும் வரும் சிறு துண்டுகளான மைக்ரோசாட்டிலைட்டுகளின் நீளத்தை அளப்பது இரண்டாவது. மரபணுத்தொகுப்பு முழுவதையும் வாசிப்பது மூன்றாவது. இவற்றுக்கு இடைப்பட்டதாக, மரபணுத்தொகுப்பில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில பத்து அல்லது சில நூறு இடங்களை மட்டும் பல பிரதிகளாகப் பெருக்கி வாசிக்கும் நான்காவது வழியும் உண்டு. இவற்றில் மிக நவீனமானதே மிகச் சிறந்தது என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவு தவறு என்பதே என் கருத்து. அதேபோல், மிக மலிவானதே போதும் என்ற எதிர்வாதமும் இந்தப் புழுவைப் பொறுத்தவரை ஓரளவுக்குத்தான் செல்லும்.

சோதனையைத் தேர்வதற்கு முன், அது எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதற்கேள்வி இனம் பற்றியது: புண்ணிலிருந்து வந்தது உண்மையில் நரம்புச் சிலந்திப் புழுவான டிராகன்குலஸ் மெடினென்சிஸ்தானா? இரண்டாவது கேள்வி இனத்தொகை பற்றியது: நாயில் வாழும் புழுக்களும் மனிதரில் வாழும் புழுக்களும் தமக்குள் கலந்து இனம்பெருக்கும் ஒரே கூட்டமா, அல்லது ஒரே இனத்தின் இரு தனிக்கூட்டங்களா? மூன்றாவது கேள்வி உறவு பற்றியது: இந்த ஆண்டு இந்த ஊரில் வந்த புழு, சென்ற ஆண்டு எந்த ஊரில் வெளிவந்த புழுவின் மகள்? முதல் இரண்டும் ஆய்வாளர்களின் கேள்விகள். பெருமளவுக்கு விடை கிடைத்தவை. மூன்றாவது, ஒழிப்புப் பணியாளர் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கேட்க வேண்டிய கேள்வி. சோதனையைத் தேர்வதில் அதற்கே முதலிடம் தர வேண்டும்.

இனம் பற்றிய கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 18எஸ் என்ற ஒரு மரபணுத் துண்டை வாசித்தாலே டிராகன்குலஸ் மெடினென்சிஸை வட அமெரிக்க ரக்கூன்களில் வாழும் டிராகன்குலஸ் இன்சிக்னிஸ் போன்ற உறவினங்களிலிருந்து பிரித்தறியலாம். புழு போலத் தோன்றும் வேறு பொருள்களும் வேறு ஒட்டுண்ணிகளும் நரம்புச் சிலந்தி எனத் தவறாகக் கருதப்பட்டு ஆய்வகத்துக்கு வருவதால், இந்த எளிய சோதனையை எந்த நாளிலும் கைவிட முடியாது. வியட்நாமில் 2020 முதல் மனிதரிடம் காணப்பட்ட டிராகன்குலஸ் புழுக்கள் ஆப்பிரிக்காவின் மெடினென்சிஸ் அல்ல, வேறொரு இனம் என்பது மரபணு வாசிப்பில்தான் தெரிந்தது. அந்தத் தெளிவு கிடைத்திராவிட்டால், ஆசியாவில் ஒழிந்துவிட்ட நோய் மீண்டதாகவே உலகம் எண்ணியிருக்கும்.

இனி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வருவோம். ஒவ்வொரு உயிரணுவிலும் உட்கருவின் டி.என்.ஏ. இரண்டே பிரதிகளாக இருக்க, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கும். வெயிலில் காய்ந்து, பல நாள் குச்சியில் சுற்றப்பட்டு, துண்டு துண்டாக அறுந்து, பிறகு எத்தனால் குப்பிக்குள் போன ஒரு புழுவிலிருந்துகூட ஏதேனும் ஒன்று வாசிக்கக் கிடைக்கிறதென்றால் அது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவாகவே இருக்கும். இந்த நோயைப் பொறுத்தவரை இது சாதாரண நன்மையன்று; மாதிரிகளின் நிலைதான் இங்கே எல்லாவற்றுக்கும் எல்லை வகுக்கிறது.

மற்றொரு நன்மை இந்தப் புழுவுக்கே உரியது. வெளிவரும் பெண்புழு ஏறத்தாழ முழுவதும் இளம்புழுக்களால் நிரம்பிய ஒரு குழாய். அதன் உடலிலிருந்து ஒரு துண்டை வெட்டி டி.என்.ஏ. எடுத்தால், தாயின் டி.என்.ஏ.யோடு பல்லாயிரம் குஞ்சுகளின் டி.என்.ஏ.யும் சேர்ந்தே வரும். குஞ்சுகளின் உட்கருவில் பாதி தந்தையுடையது. இணைசேர்ந்தபின் ஆண்புழு ஓம்புயிரின் (அது தங்கி வாழும் மனிதர் அல்லது விலங்கின்) உடலுக்குள்ளேயே இறந்துபோவதால், தந்தையைத் தனியாகப் பார்க்கும் வாய்ப்பும் நமக்குக் கிடைப்பதில்லை. ஆக, உட்கருவை வாசிக்கும் எந்தச் சோதனையிலும் தாயின் டி.என்.ஏ. எழுத்துகளும் முகம் தெரியாத தந்தை ஒருவர் அல்லது பலரின் எழுத்துகளும் கலந்துவிடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே குஞ்சுகளுக்குச் செல்வதால், தாயைச் சோதித்தாலும் குஞ்சைச் சோதித்தாலும் விடை ஒன்றுதான். எவ்வளவு கலந்த மாதிரியாயினும் கலங்காத விடை அது.

குறையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. தாய்வழியை மட்டும் சொல்லும் சோதனை தந்தைவழியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அத்துடன், இனத்தொகை சுருங்கச் சுருங்கத் தாய்வழி வகைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. ஒரு மாவட்டத்துப் புழுக்களில் பாதி ஒரே வகையைச் சேர்ந்தவை என்றாகிவிட்டால், இரண்டு புழுக்கள் அந்த வகையில் ஒத்திருப்பதால் அவற்றை உறவு என்று கொள்ள முடியாது. முன்பு தந்தைமை வழக்குகளில் இரத்த வகையைச் சோதித்ததை இங்கே நினைவுகூரலாம். இரத்த வகை பொருந்தவில்லையென்றால் இவர் தந்தையல்லர் என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தினால் இவர்தான் தந்தை என்று சொல்ல முடியாது. மைட்டோகாண்ட்ரியாவின் நிலையும் அதுவே: அது விலக்குவதில் வலுவானது, சேர்ப்பதில் வலுவற்றது.

ஆனால் ஒழிப்புத் திட்டத்துக்கு வேண்டியது பல சமயங்களில் விலக்கும் வலுதான். இந்தப் புழுவின் தலைமுறை இடைவெளி ஏறத்தாழ ஓராண்டு. ஆகவே இந்த ஆண்டு வந்த ஒவ்வொரு புழுவின் தாயும் சென்ற ஆண்டு ஏதோ ஒரு மனிதரிடமிருந்தோ விலங்கிடமிருந்தோ வெளிவந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு அந்தப் பகுதியில் சேகரிக்கப்பட்ட எல்லாப் புழுக்களின் தாய்வழி வகைகளும் பதிவில் இருக்கின்றன என்று கொள்வோம். இந்த ஆண்டுப் புழுவின் வகை அவற்றில் எதனோடும் பொருந்தவில்லையென்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும்: தாய்ப்புழு வேறிடத்தில் வெளிவந்து, அதன் வழித்தோன்றல் இங்கே வந்திருக்கிறது, அல்லது தாய்ப்புழு இங்கேயே, யார் கண்ணிலும் படாமல் வெளிவந்திருக்கிறது. எதுவாயினும் கண்காணிப்பில் ஓட்டை இருப்பது தெரிந்துவிடுகிறது. இந்த முடிவுக்கு வர முழு மரபணுத்தொகுப்பு தேவையில்லை. ஏறக்குறைய எல்லாப் புழுக்களும் சோதிக்கப்பட்டிருப்பதுதான் தேவை. நூறு புழுக்களில் பத்தை மட்டும் மிக ஆழமாக வாசித்து மற்ற தொண்ணூறை விட்டுவிட்டால் இந்தத் தர்க்கமே செல்லாது.

இது வெறும் எண்ணமன்று. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சாட் நாட்டுப் புழுக்களின் மைட்டோகாண்ட்ரிய வரிசைகளையும் கண்காணிப்புப் பதிவேடுகளில் இருந்த இடம், நாள் ஆகிய விவரங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. புழுக்கள் வெளிவந்த இடங்களுக்கிடையே தொலைவு கூடக்கூட அவற்றின் ஒற்றுமை குறைவதை அது காட்டியது. நோய் எவ்வளவு தொலைவுக்குப் பரவுகிறது என்பதைத் திட்டப் பணியாளர்கள் பயன்படுத்தக்கூடிய அளவில் சொல்வதற்கு, பதிவேடு ஒழுங்காக இருந்ததால், இந்த எளிய சோதனையே உதவியது.

மைக்ரோசாட்டிலைட்டுகளைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை என்று கருதுகிறேன். அமெரிக்காவின் வாசர் கல்லூரியைச் சேர்ந்த எலிசபெத் தீலின் தலைமையிலான குழு 2018இல் சாட் நாட்டுப் புழுக்களை மைட்டோகாண்ட்ரிய வரிசைகளோடு மைக்ரோசாட்டிலைட்டுகளையும் கொண்டு ஆராய்ந்து, மனிதரும் பிற ஓம்புயிர்களும் ஒரே புழுக்கூட்டங்களைப் பகிர்ந்துகொள்வதைக் காட்டியது. அந்த ஆய்வின் பயன் பெரிது. அளக்கும் துண்டுகள் சிறியவையாதலால் சிதைந்த டி.என்.ஏ.யிலும் ஓரளவு வேலை செய்வதும், தந்தைவழித் தகவலைத் தருவதும் இம்முறையின் சிறப்புகள். ஆயினும் இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாயும் குஞ்சுகளும் கலந்த மாதிரியில் ஓரிடத்தில் இரண்டுக்கு மேற்பட்ட நீளங்கள் தென்படும்போது, எவை தாயுடையவை என்று பிரிப்பது கடினம். டி.என்.ஏ.யைப் பெருக்கும்போது ஒரு மீள்துண்டு குறைந்தோ கூடியோ போவதால் உண்மை நீளம் எது என்பதில் ஐயம் எழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஆய்வகத்தில் 182 என்று அளக்கப்பட்ட துண்டு மற்றோர் ஆய்வகத்தின் கருவியில் 184 என்று வரக்கூடும். பல நாடுகள், பல ஆய்வகங்கள், பல ஆண்டுகள் என்று நீளும் ஒரு பணிக்கு, எழுத்துகளாகவே பதிவாகும் தரவுதான் பொருந்தும். எழுத்துகளை எங்கே வாசித்தாலும் அவை அதே எழுத்துகள்தான். பழைய மாதிரிகளின் முடிவுகளோடு ஒப்பிட வேண்டிய தேவை உள்ள ஆய்வகம் மட்டும் இம்முறையைத் தொடரலாம்.

முழு மரபணுத்தொகுப்பு வாசிப்பின் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. நரம்புச் சிலந்திப் புழுவின் மரபணுத்தொகுப்பு ஏறத்தாழ பத்துக் கோடி எழுத்துகள் கொண்டது. மனிதருடையதில் முப்பதில் ஒரு பங்கு. பிரிட்டனின் சாங்கர் நிறுவனத்தின் கரோலைன் டுரான்ட், ஜேம்ஸ் காட்டன் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து வந்த புழுக்கள் முழுமையாக வாசிக்கப்பட்டன. அவை நாட்டுவாரியாகப் பிரிந்தன, ஓம்புயிர்வாரியாகப் பிரியவில்லை. மனிதரிலும் விலங்கிலும் வாழ்பவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்ற முடிவு, உட்கருவின் கோடிக்கணக்கான எழுத்துகளின் சாட்சியோடு உறுதிப்பட்டது. நாய்களைக் கட்டிவைப்பதும், நாய் தின்னாதபடி மீன் குடல்களைப் புதைப்பதும், நாய்களில் புழு கண்டு அறிவிப்பவருக்குப் பணம் தருவதும் நோய் ஒழிப்பின் மையப் பணிகளாக இருப்பதற்கு வலுவான அடித்தளம் இந்த ஆய்வுகளிலிருந்தும் கிடைத்தது.

உட்கருவை வாசிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு ஒட்டுண்ணிகளில் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. பிரான்சின் கோர்சிகா தீவில், காவு ஆற்றில் குளித்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையைத் தாக்கும் சிஸ்டோசோமா நோய் வந்தது 2014இல் வெளிப்பட்டது. ஐரோப்பாவில் எவரும் எதிர்பார்க்காத நோய் அது. அந்த ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவையும் உட்கருத் துண்டு ஒன்றையும் தனித்தனியே வாசித்தபோது இரண்டும் வெவ்வேறு இனங்களைக் காட்டின: ஒன்று மனிதரைத் தாக்கும் சிஸ்டோசோமா ஹீமட்டோபியம், மற்றொன்று கால்நடைகளைத் தாக்கும் சிஸ்டோசோமா போவிஸ். அது கலப்பினம் என்பது அந்த முரண்பாட்டிலிருந்தே தெரிந்தது. பின்னர் முழு மரபணுத்தொகுப்பை வாசித்தபோது, ஏறத்தாழ முக்கால் பங்கு மனித ஒட்டுண்ணியுடையதாகவும் எஞ்சியது கால்நடை ஒட்டுண்ணியுடையதாகவும் இருப்பது புலப்பட்டது. குடலில் வாழும் உருண்டைப்புழுவான அஸ்காரிஸின் கதையும் இப்படிப்பட்டதே. மனிதப் புழு, பன்றிப் புழு என்று பாடநூல்கள் இரண்டாகப் பிரிப்பவை தமக்குள் கலந்திருப்பதை, கென்யாவின் ஊர்களில் மனிதரிடமிருந்து எடுத்த புழுக்களின் முழு மரபணுத்தொகுப்புகள் 2020இல் காட்டின. மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவான ஒட்டுண்ணியில் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பி இனத்தைத் தீர்ப்பது ஆபத்து என்பதை இவ்விரண்டும் தெளிவாகச் சொல்கின்றன.

இருந்தும், வழக்கமான சோதனையாக முழு மரபணுத்தொகுப்பை வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெரும்பாலோர் எண்ணுவது போல அதற்குக் காரணம் செலவு அன்று. ஆண்டுக்குச் சில நூறு புழுக்களே எஞ்சியிருக்கும் ஒரு நோயில், ஒவ்வொன்றையும் முழுமையாக வாசிக்கும் செலவு, நாய்களைக் கட்டிவைக்கவும் ஆயிரக்கணக்கான ஊர்களைக் கண்காணிக்கவும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறியதே. உண்மையான தடை குப்பிக்குள் இருக்கும் கலப்படம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நாயின் மரபணுத்தொகுப்பு ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள், மனிதருடையது ஏறத்தாழ 300 கோடி, புழுவினுடையது 10 கோடி. வெட்டியெடுத்த துண்டில் புழுவின் உயிரணுக்களும் மனித உயிரணுக்களும் சம எண்ணிக்கையில் இருந்தால்கூட, கிடைக்கும் டி.என்.ஏ.யில் நூற்றுக்கு மூன்று பங்குதான் புழுவினுடையது. புழுவின் மரபணுத்தொகுப்பை முப்பது மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக முப்பது முறை வருமாறு, வாசிக்கத் தூய மாதிரியில் 300 கோடி எழுத்துகளை வாசித்தால் போதும். இந்தக் கலப்பு மாதிரியிலோ ஏறத்தாழ 9,300 கோடி எழுத்துகளை வாசிக்க வேண்டும். புண்ணிலிருந்து வரும் பாக்டீரியாவை இதில் சேர்க்கவேயில்லை. நல்ல நிலையில் உள்ள மாதிரிகளை மட்டும் வாசித்துக்கொள்ளலாம் என்றால், முன்பு சொன்ன தர்க்கத்துக்கு அடிப்படையான முழுமை போய்விடுகிறது. எந்தப் புழு நல்ல நிலையில் கிடைக்கும் என்பதும் தற்செயலானதன்று. சாலையை ஒட்டிய ஊரில் பயிற்சி பெற்ற பணியாளர் எடுத்த புழு நல்ல நிலையில் வரும். தொலைதூர மீனவர் முகாமில் நாயின் உரிமையாளரே எடுத்துவைத்த புழு சிதைந்து வரும். நாம் மிகவும் அறிய விரும்புவது இந்த இரண்டாவது புழுவைப் பற்றித்தான்.

முழு வாசிப்புக்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படும் மற்றொரு வாதம், மருந்து எதிர்ப்பைக் கண்டறியலாம் என்பது. ஆடுகளின் இரைப்பையில் வாழும் ஹெமாங்கஸ் கண்டோர்ட்டஸ் புழுவில் அந்த வாதம் மிக வலுவானது. பீட்டா டியூபுலின் என்ற புரதத்தின் 200ஆவது இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால் பென்சிமிடசோல் வகைக் குடற்புழு மருந்து பயனிழக்கிறது என்பது 1990களிலேயே தெரிந்துவிட்டது. ஐவர்மெக்டின் என்ற மற்றொரு குடற்புழு மருந்துக்கான எதிர்ப்பு மரபணுத்தொகுப்பின் எந்தப் பகுதியில் அமைந்திருக்கிறது என்பதைத் தேட முழு வாசிப்பே கைகொடுத்தது. ஆட்டுப் புழுவைக் கையாளும் கால்நடைத் துறை ஒன்று என்னிடம் ஆலோசனை கேட்டால், என் விடை வேறாக இருக்கும். நரம்புச் சிலந்தியை மருந்து கொடுத்து ஒழிக்கவில்லை. நீரை வடிகட்டியும், நீர்நிலையில் டெமிஃபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி இட்டுச் சைக்ளாப்ஸைக் கொன்றும், புண்ணை நீரிலிருந்து விலக்கியும்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறார்கள். இல்லாத மருந்துக்கு எதிர்ப்பைத் தேட வேண்டியதில்லை.

ஆகவே என் கவனம் நான்காவது வழியின் மேல் விழுகிறது. முழுமையாக வாசிக்கப்பட்ட புழுக்களை ஒப்பிட்டு, புழுவுக்குப் புழு அதிகம் வேறுபடும் இடங்களை உட்கருவெங்கும் தேர்ந்தெடுத்து, அந்த இடங்களைச் சுற்றி நூறு, இருநூறு எழுத்து நீளத் துண்டுகளை மட்டும் பி.சி.ஆர். மூலம் பெருக்கி வாசிப்பது இதன் செயல்முறை. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள் புழுவின் டி.என்.ஏ.யோடு மட்டுமே ஒட்டுமாறு அமைக்கப்படுவதால், நாயின் டி.என்.ஏ. எவ்வளவு இருந்தாலும் அது பெருகாது. துண்டுகள் சிறியவையாதலால் சிதைந்த மாதிரியும் ஓரளவு பயன்படும். எழுத்துகளாகப் பதிவாவதால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறாது. மலேரியாவில் இந்த வழிக்கு முன்னோடி உண்டு: மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் 24 இடங்களை மட்டும் பார்க்கும் அடையாளக் குறிமுறை 2008இல் வெளிவந்து, செனகல் போன்ற நாடுகளில் பரவலின் போக்கைக் கண்காணிக்கப் பயன்பட்டது. தாய்–குஞ்சு கலப்பு என்ற சிக்கலை இந்த வழி நீக்கிவிடாது. ஆயினும் ஒவ்வோரிடத்திலும் எந்த எழுத்து எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற விகிதம் கிடைப்பதால், கலப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. இதன் பெருங்குறை, தேர்ந்தெடுத்த இடங்கள் எந்த நாட்டுப் புழுக்களிலிருந்து எடுக்கப்பட்டனவோ அந்த நாட்டுக்கே அவை நன்றாகப் பொருந்தும் என்பது. சாட் நாட்டுப் புழுக்களை வைத்துத் தேர்ந்த இடங்கள் எத்தியோப்பியப் புழுக்களிடையே வேறுபாடே காட்டாமல் போகக்கூடும். நாட்டுக்கு நாடு புழுக்கள் பிரிந்திருப்பது 2020ஆம் ஆண்டு ஆய்விலேயே தெரிந்த நிலையில், இந்தக் குறையை அலட்சியப்படுத்த முடியாது. ஆகவே இடங்களைத் தேர்வதற்கு முன் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நல்ல நிலையில் உள்ள சில புழுக்களை முழுமையாக வாசித்திருக்க வேண்டும்.

இப்போது நாடுகளை எடுத்துக்கொண்டால் முடிவு ஒரே மாதிரியாக அமைவதில்லை. சாட் நாட்டில் புழுக்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன, நாய்கள் ஊர்களுக்குள் இருக்கின்றன, மாதிரிகள் கைக்குக் கிடைக்கின்றன. அங்கே ஒவ்வொரு புழுவுக்கும் மைட்டோகாண்ட்ரிய வாசிப்பு கட்டாயம். அதோடு அதே டி.என்.ஏ.யில் தேர்ந்த உட்கரு இடங்களின் வாசிப்பையும் சேர்ப்பது நல்லது. முழு வாசிப்பு, தாய்வழி வகை எதனோடும் பொருந்தாத புழுக்களுக்கு மட்டும். எத்தியோப்பியாவின் கம்பேலா பகுதியில் பபூன் குரங்குகளிலும் இப்புழு இருக்கிறது. காட்டில் திரியும் பபூனின் உடலிலிருந்து கிடைக்கும் புழுக்கள் மிகச் சில. எனவே அங்கே எல்லாவற்றையும் முழுமையாக வாசிக்க முயல்வதே சரி. கலப்படத்தால் செலவு பத்து மடங்கானாலும், ஒவ்வொரு மாதிரியின் பின்னும் உள்ள உழைப்பைப் பார்க்கும்போது அது தகும்.

அங்கோலாவின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இந்நோய் இருந்ததாக வரலாறே இல்லாத அந்நாட்டில் 2018இல் ஒரு சிறுமியிடம் நரம்புச் சிலந்தி கண்டறியப்பட்டது. பிறகு நாயிலும் தென்பட்டது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: புழு அண்மையில் வெளியிலிருந்து வந்ததா, அல்லது நெடுங்காலமாக அறியப்படாமல் அங்கேயே இருந்ததா? ஒரு புழுவின் மைட்டோகாண்ட்ரியா இதற்குப் போதிய விடை தராது. மற்ற நாட்டுப் புழுக்களோடு உட்கரு முழுவதிலும் எவ்வளவு வேறுபடுகிறது, அந்த வேறுபாடு எத்தனை தலைமுறைப் பிரிவைக் காட்டுகிறது என்பதைக் கணக்கிட முழு மரபணுத்தொகுப்பு இன்றியமையாதது. எண்ணிக்கை மிகக் குறைந்து, கேள்வி வரலாற்றைப் பற்றியதாக இருக்கும் இடத்தில், நான் சற்றும் தயங்காமல் முழு வாசிப்பைத் தேர்வேன். நோய் ஒழிந்ததாகச் சான்று பெறுவதற்கு முன் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஒரு புழுவும் வராதிருக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்றாண்டுகளுக்குள் எதிர்பாராமல் வெளிவரும் ஒற்றைப் புழுவுக்கும் இதுவே பொருந்தும். அது எல்லை தாண்டி வந்ததா, உள்ளூரில் எஞ்சியதா என்பதைப் பொறுத்து அடுத்து எடுக்கும் நடவடிக்கைகள் மாறிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செலவிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. புழுவின் ஈரம் எத்தனாலின் செறிவைக் குறைத்துவிடுவதால், முதல் நாளுக்குப் பிறகு குப்பியின் எத்தனாலை மாற்ற வேண்டும். புழுவின் எந்தப் பகுதி வெட்டப்பட்டது என்று எழுதிவைக்க வேண்டும். தாயின் திசு மிகுந்த முனையும் குஞ்சுகள் மிகுந்த நடுப்பகுதியும் வெவ்வேறு விடை தருவன. ஒரே நாயிடமிருந்து வந்த இரண்டு துண்டுகள் ஒரே புழுவினுடையவையா, இரண்டு புழுக்களுடையவையா என்பதைப் பணியாளர் அன்றே குறித்திருக்க வேண்டும். நாயின் அடையாளம், ஊர், வெளிவந்த நாள் ஆகிய மூன்றும் அழியாத எழுத்தில் குப்பியின் மேலும் அதே எண்ணோடு பதிவேட்டிலும் இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஆய்வு சாத்தியமானதே பதிவேடுகளும் குப்பிகளும் ஒன்றோடொன்று பொருந்தியதால்தான். ஒரு திட்டத்திடம் இந்த ஆண்டு ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால், வரிசை வாசிக்கும் புதிய கருவியை வாங்குவதற்கு முன், புழு எடுக்கும் ஒவ்வொரு ஊர்ப் பணியாளருக்கும் போதிய எத்தனாலையும் நல்ல குப்பிகளையும் பென்சிலையும் அரை நாள் பயிற்சியையும் கொடுக்கவே நான் சொல்வேன். சரியாகக் காக்கப்பட்ட புழுவை இன்று மைட்டோகாண்ட்ரியாவுக்காக வாசித்தாலும், ஐந்தாண்டு கழித்துத் தேவை எழும்போது அதே குப்பியிலிருந்து முழு மரபணுத்தொகுப்பையும் வாசித்துக்கொள்ளலாம்.